டுல்லியின் பதில்

நாவலாசிரியை ஹெஸ்டர் பிரைஸும் கவிஞர் ஆம்புரோஸ் டுல்லியும் கடிதத்திலேயே சண்டை போட்டு, கடிதத்திலேயே சமாதானம் ஆகிறவர்கள். 1912 மார்ச்சில் டுல்லி இறந்துபோனார். ஹெஸ்டர் அவர் ஊரான கார்ன்வாலுக்கு ரயிலேறிப் போய், அடக்கத்தில் நின்றுவிட்டு வந்தாள்.

மே மாதம் நாவலை முடித்த அன்று, பழக்கதோஷத்தில் அவருக்கு எழுதினாள்: “கதாநாயகியக் கொன்னுட்டேன். திட்டத்தான் நீங்க இல்ல.” உடனே அதைக் கணப்பில் போட்டு, சாம்பலாகும்வரை பார்த்திருந்தாள்.

மறுநாள் வேலைக்கார டாப்ஸ் அம்மாள் தபாலோடு வந்தாள். “டுல்லி ஐயா கையெழுத்தும்மா. எங்கயோ சிக்கிக் கிடந்து இப்பத்தான் வருது போல.”

ஹெஸ்டர் பிரித்தாள். ஒரே வரி இருந்தது.

“நான் செத்ததுக்கு அந்தப் பொண்ணு என்ன பண்ணுவா, ஹெஸ்டர்?”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பேனாவை எடுத்தாள். மத்தியானத்துக்குள், கடைசி அத்தியாயத்தில், கதாநாயகி கண்விழித்து டீ கேட்டாள்.