டைப் அடிக்க இது போதும்

சேல்ஸ்மேன் இரண்டு லேப்டாப்புகளையும் மேசைமேல் அருகருகே திறந்து வைத்த நிமிடமே அம்மாவுக்கும் மகளுக்கும் சண்டை ஆரம்பித்துவிட்டது.

மகளின் கை விலை கூடியதன் மேல். அம்மாவின் கை விலை குறைந்ததன் மேல்.

பன்னிரண்டு வருடமாக அதே மேசைக்குப் பின்னால் நிற்கிறவர் சேல்ஸ்மேன். காலேஜ் திறக்கிற சீசனில் ஒரு நாளைக்கு இருபது குடும்பமாவது இப்படி வந்து நிற்கும். பிள்ளைகள் திரையைத் தடவும். பெற்றவர்கள் விலைச்சீட்டைத் தடவுவார்கள். பார்த்த மாத்திரத்தில் யார் எப்படி என்று அவர் சொல்லிவிடுவார். அவரை யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

அந்த அம்மா தையல் ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தாள். நீல மேல்கோட்டின் தோளில் வெள்ளை நூல் பிசிறு. மகளுக்கோ இஸ்திரி கலையாத சட்டை, தோல் பை, நகத்தில் பூச்சு.

தீர்ப்பு எழுத இதற்கு மேல் என்ன வேண்டும்?

"காலேஜுக்குத்தானே?"

"ஆமா சார். முதல் வருஷம்" என்றாள் மகள்.

விலை கூடியதன் பெருமைகளை அவர் ஒப்பித்தார். திரை கண்ணை உறுத்தாது, பேட்டரி பொழுதுக்கும் நிற்கும், தூக்கினால் கனமே தெரியாது. விலை குறைந்ததற்கும் ஒரு பெருமை இருந்தது. விலை குறைவு.

"டைப் அடிக்கத்தானே? இது போதும்" என்றாள் அம்மா.

"போதும் போதும்னே இத்தனை வருஷம் ஓட்டியாச்சு. இன்னும் என்னம்மா போதும்?"

சேல்ஸ்மேனுக்குச் சுருக்கென்றது. பெற்ற தாயிடம், கடையில் நாலு பேர் முன்னால், இப்படி ஒரு பேச்சு.

அவர் வீட்டிலும் ஒருவன் இருந்தான். கடையிலேயே விலை கூடியதைத்தான் வாங்குவேன் என்று மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்து வாங்கியவன். இப்போது அதில் ஏதோ ஒரு ராஜ்யத்துக்குப் படை நடத்திக்கொண்டிருக்கிறான். போர் மும்முரமாக நடப்பதால் காலேஜுக்குப் போக அவனுக்கு நேரமில்லை. ஏன்டா என்று ஒரு வார்த்தை கேட்டால் அவன் அம்மா வீட்டைத் தலைகீழாக்கிவிடுவாள். அவனுக்காக யோசித்து வைத்த உபதேசம் ஒரு வருடமாக இவர் நெஞ்சிலேயே ஊறிக் கிடந்தது.

இன்றைக்கு ஆள் கிடைத்தது.

விலை கூடியதை விற்றால் அவருக்குக் கமிஷன் உண்டு. அதைத் தியாகம் செய்துவிடுவது என்று அங்கேயே முடிவெடுத்தார். தியாகம் செய்கிறவர்களின் முகம் எப்படி இருக்குமோ, அப்படியே தன் முகத்தையும் வைத்துக்கொண்டார்.

"இங்க பாரும்மா. அம்மா உடம்பை ஓடாத் தேய்ச்சு உழைக்கிறாங்க. அவங்க தோளைப் பாரு. படிக்கிறவங்க எதுல வேணா படிச்சுருவாங்க. பந்தாவுக்கு வாங்குறதுக்குப் பேரு படிப்பு இல்ல. நாளைக்கு நீயா சம்பாதிச்சாத்தான் அருமை தெரியும்."

"தம்பி, அது வந்து..." என்று இழுத்தாள் அம்மா.

"நீங்க சும்மா இருங்கம்மா. எல்லாம் நீங்க குடுக்கிற செல்லம்."

மகள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினாள்.

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சரி. அவங்க இஷ்டப்படியே பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்ப் படியில் நின்றாள்.

ஒரு குடும்பத்தைத் திருத்திய களைப்போடு சேல்ஸ்மேன் பில் போட உட்கார்ந்தார்.

"ஸ்டூடன்ட்ஸுக்கு ஒரு வருஷம் வாரண்டி கூடுதலா உண்டும்மா. காலேஜ் ஐடி கார்டு வேணும். பொண்ணைக் கூப்பிடுங்க."

அந்த அம்மா யாரையும் கூப்பிடவில்லை. பையைத் திறந்து, துணியில் சுற்றிய ஓர் அட்டையை எடுத்து நீட்டினாள்.

சட்டக் கல்லூரி. மாலை வகுப்பு. முதலாமாண்டு. படத்தில், தலையைப் படிய வாரிக்கொண்டு கேமராவை முறைத்துக்கொண்டிருந்தது அந்த அம்மாவேதான்.

சேல்ஸ்மேன் அதிலிருந்த பிறந்த தேதியைப் பார்த்தார். அட்டையைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார், அங்கே வேறு யாராவது இருக்கக்கூடும் என்பதுபோல. முகவரி மட்டும் இருந்தது.

"அவ படிச்சு முடிச்சு ரெண்டு வருஷமா வேலைக்குப் போறா தம்பி. எனக்கு உசத்தியா வாங்கிக் குடுத்தே தீருவேன்னு ஒத்தக்கால்ல நின்னா. என்னால அவகிட்டப் பேசி ஜெயிக்க முடியல. நல்லவேளை, நீங்க சொன்னீங்க."

அவள் உண்மையாகவே நன்றியோடுதான் சொன்னாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

வாடிக்கையாளரைத் தேடிக் கதவுக்கு வெளியே போகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. இன்று எழுந்து போனார்.

"மன்னிச்சுக்கம்மா. தெரியாமப் பேசிட்டேன். உள்ள வா, அந்த விலை கூடினதையே பில் போட்டுரலாம்."

மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"என்கிட்ட எதுக்கு சார் சொல்றீங்க? அவங்கல்ல ஒத்துக்கணும். என்கிட்ட அவ்வளவு அழகாப் பேசுனீங்களே, அதே வாயால அவங்ககிட்டயும் போய்ப் பேசுங்க."

சேல்ஸ்மேன் கதவைப் பிடித்தபடி உள்ளே பார்த்தார்.

யாரும் கவனிக்கவில்லை என்ற தைரியத்தில் முதலாமாண்டு மாணவி விலை கூடிய லேப்டாப்பைத் தன் பக்கமாக இழுத்து, இரண்டே விரல்களால், ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி, தன் பெயரைத் தட்டிக்கொண்டிருந்தாள்.