வாய் வைத்த பாட்டில்

எங்கள் நகரத்துக்கும் கடலுக்கு அப்பாலுள்ள ஒரு நகரத்துக்கும் வணிக உறவாம். எங்கள் மலைத் தண்ணீர் பாட்டிலில் அடைபட்டு அவர்கள் ஊருக்குக் கப்பலேறுகிறது. பதிலுக்கு, சாக்கடையைக் குடிநீராக்கும் இயந்திரங்களை அனுப்பியிருக்கிறார்கள். அவை கக்குவதுதான் எங்கள் குழாயில் வருகிறது.

இன்று அவர்களுடைய அரசு வணிகக்குழுவுக்கு மதிய விருந்து, பரிமாறியது நான். குழுத் தலைவர் மலைத் தண்ணீர் பாட்டிலில் வாய் வைத்து ஒரு மடக்கு குடித்தார். அடுத்த மடக்கில் வாய் கொப்பளித்துத் தட்டிலேயே துப்பினார். எங்கள் அதிகாரி அதற்கும் இளித்தார். மீதிப் பாட்டிலைக் கைப்பைக்குள் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

என் வீட்டுக்காரர் சென்னியப்பன் நான் வாய் வைத்த டம்ளரைக்கூடத் தொடாதவர். எதையும் அண்ணாந்துதான் குடிப்பார்.

"எச்சில் பண்ணுனதுங்க. காய்ச்சித் தரட்டுங்களா?"

"காய்ச்சுனா ருசி போயிரும் புள்ள."

அண்ணாந்து ஊற்றினார். ஒரு சொட்டு மோவாயில் வழிந்தது. அதை விரலால் வழித்து நக்கினார். பிறகு பாட்டிலின் வாயை உதட்டால் கவ்விக்கொண்டு, கண்ணை மூடிக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினார்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"நாளைக்கும் மிச்சம் வெப்பாங்களா?" என்று கேட்டார்.

"இன்னிக்குச் சாயங்காலமே இன்னொரு விருந்து இருக்குதுங்க. பெரிய பையா எடுத்துட்டுப் போறனுங்க," என்றேன்.