பீரோவுக்குப் பின்னால் டிராம்போலின்

வீடியோ அழைப்பில் அம்மாவுக்குப் பின்னால், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில், அதை மடித்துச் சொருகி வைத்திருந்தது தெரிந்தது. மேலே ஒரு பழைய போர்வை வேறு.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

நான் வாங்கி அனுப்பிய டிராம்போலின் அது. வட்டமாக ஒரு துணி, சுற்றிலும் ஸ்பிரிங், முன்னால் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. குழந்தைகள் குதிப்பது மாதிரி இதில் குதிக்கக் கூடாது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாதம் துணியை விட்டு எழும்பாமல், உடம்பை மட்டும் மேலும் கீழும் ஆட்ட வேண்டும். தினம் பத்து நிமிடம். கணுக்கால் உறுதியாகும், முழங்காலுக்கு அதிர்ச்சி குறைவு, தடுமாற்றமும் மெல்லக் குறையும்.

அம்மா இந்த வருடம் இரண்டு முறை விழுந்தாள். இரண்டாவது தடவை மணிக்கட்டு முறிந்தது. இன்னொரு முறை விழுந்து இடுப்பு போனால் எழுந்து நடப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவரிடம் கேட்ட பிறகுதான் வாங்கினேன்.

நான் வேலையில் இருப்பது தொலைதூர ஊரில் ஒரு உடற்பயிற்சி சிகிச்சை நிலையத்தில். ஒரே கூடத்தில் ஆறு டிராம்போலின். அறுபது, எழுபது வயதுக்காரர்கள் ஊன்றுகோலோடு வருவார்கள். சில மாதங்களில் அதை மறந்து வைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. தன் பையன் அங்கே ஊரையே குதிக்க வைக்கிறான் என்று அம்மா எதிர் வீட்டில் பெருமையடித்து வைத்திருக்கிறாள்.

அவள் மட்டும் குதிக்க மாட்டாள்.

முதல் இரண்டு வாரம் ஒழுங்காகத்தான் செய்தாள். பிறகு ஆரம்பித்தது. ஒருநாள் தலைசுற்றல். ஒருநாள் முழங்கால் வலி. ஒருநாள், ஸ்பிரிங் சத்தம் தாங்காமல் கீழ் வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்களாம். கீழ் வீடு ஆறு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது.

மதியச் சாப்பாட்டு நேரம். ஸ்டோர் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு கத்தினேன். நீ விழுந்தால் நான் நினைத்த நேரத்துக்கு ஓடி வர முடியுமா என்று கேட்டேன். அலைந்து திரிந்து அனுப்பியது பீரோவுக்கு முட்டுக் கொடுக்கவா என்று கேட்டேன். அம்மா பதிலுக்கு, சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

அது என்னை இன்னும் கிளப்பிவிட்டது.

படுக்கையில் விழுந்தால் எல்லாவற்றையும் கூட இருக்கிற அக்காதான் அள்ளிக் கொட்ட வேண்டும், அதுதான் உனக்கு ஆசையா என்றேன்.

அம்மாவின் முகம் திரையை விட்டு விலகியது. படம் ஆடியது. அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டு மொட்டைமாடிப் படிக்குப் போனாள் என்பது செருப்புச் சத்தத்தில் தெரிந்தது.

“கத்தி முடிச்சிட்டியா? அதுல நின்னு ஆடினா அம்மாவுக்கு அடக்க முடியாம புடவை நனைஞ்சிடுதுடா. எதிர் வீட்டுக்காரங்க பாத்துட்டாங்க. பெத்த பையன்கிட்ட போய் இதை எப்படிடா சொல்லும்?”



அக்கா விடவில்லை. அத்தனை பேருக்குப் பாடம் எடுக்கிற பெரிய மனுஷனுக்கு இதுகூடத் தெரியாதா என்று கேட்டாள்.

தெரியும். எங்கள் நிலையத்துக்கு வருகிற பெண்களில் எத்தனையோ பேருக்கு இது உண்டு. பிள்ளை பெற்ற உடம்பு. ஏறுவதற்கு முன்னால் பயிற்சியாளர்கள் கழிப்பறைக்குப் போய்வரச் சொல்வார்கள். நாப்கின் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். சிறுநீரை அடக்குவது மாதிரி இறுக்கி, பிறகு தளர்த்தப் பழக்குவார்கள். வாரக்கணக்கில் செய்தால் பலருக்குக் குறைகிறது. யாரும் சிரிப்பதில்லை. அடுத்தவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இதையெல்லாம் அம்மாவுக்கு முதல் நாளே சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லப்போனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டிவருமே என்று, பாதத்தைப் பற்றியும் கம்பியைப் பற்றியும் மட்டும் பேசிவிட்டு நிறுத்திக்கொண்டேன். இங்கே வேலைக்குச் சேர்ந்த இருபது மாதமாக நிறுத்திக்கொண்டுதான் இருக்கிறேன்.

இவ்வளவு நேரம் அம்மாவைக் கடித்துக் குதறிய கோபம் திரும்பி என் மேலேயே பாய்ந்தது. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

போனை அம்மாவிடம் கொடு என்றேன். கொடுத்தாள். அம்மா முகத்தைக் காட்டவில்லை. திரையில் வெறும் கூரைதான் தெரிந்தது.

“அம்மா, நான் இங்க யாருக்கும் சொல்லிக் குடுக்கறதில்லம்மா. ஒவ்வொருத்தரா இறங்கினதும் அந்த டிராம்போலினைத் துடைச்சு விடறேன். அதுதான் என் வேலை.”



தன்னைப் போல நனைத்துவிடுகிறவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று அம்மா கேட்டாள்.