பிரசாத் பேரில் ஒரு புக்கிங்

"இந்தத் தடவை யார் பேரை அடிக்க வந்திருக்கீங்க?"

உண்ணாமலை கடைக்குள் காலை வைத்ததுமே கடைக்காரன் மொஹ்சின் புக்கிங் நோட்டைச் சட்டென்று மூடினான். போளூர் ரோட்டில் இருந்த அந்தச் சின்ன வீடியோ கேம் கடைக்கு அவள் இதற்கு முன் ஒரே ஒரு முறைதான் வந்திருக்கிறாள். அந்த ஒரு முறையை அவனால் மறக்க முடியவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது அது. அவள் மகன் பிரசாத் பெட்ரோல் பங்கில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில், வெளிவரப்போகும் கார் ரேஸ் கேம் ஒன்றுக்கு முன்பணம் கட்டியிருந்தான். விஷயம் தெரிந்து ஓடி வந்தவள், அவன் பேரை அடிக்கச் சொல்லிப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "வயித்துக்கே வழியக் காணோம், உனக்கு இது ஒரு கேடா?" என்று சிநேகிதர்கள் எதிரிலேயே அவன் கன்னத்தில் அறைந்தாள்.

"அடிக்க வரல பாய்" என்றாள் இப்போது. "புக் பண்ண வந்திருக்கேன். அந்தக் கேமோட அடுத்தது வருதாமே. பிரசாத் பேர்ல எழுதிக்குங்க."

மொஹ்சின் அவளை ஒரு மாதிரி பார்த்தான். கேலி செய்கிறாளோ என்று தோன்றியது.

"உள்ளதைச் சொல்லிடறேன்க்கா. முன்னாடியே புக் பண்றதால உங்களுக்கு ஒரு லாபமும் இல்ல. ரெண்டு மாசம் பொறுத்தா விலை கம்மியாயிடும். இப்பல்லாம் பசங்க வீட்ல இருந்தே டவுன்லோட் பண்ணிக்கறானுங்க. பத்து பேராவது பேர் கொடுத்தாத்தான் எனக்குச் சரக்கு அனுப்புவாங்க, அதுக்காகத்தான் இந்த லிஸ்ட்டே. லாபம்னு பாத்தா எனக்குத்தான்."

"இருக்கட்டும். லிஸ்ட்ட போன்ல ஸ்டேட்டஸ் போடுவீங்களாமே. அதுல அவன் பேர் வரணும்."

"அதை அவனே வந்து சொல்லலாமே?"

உண்ணாமலை முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கு உங்க கடையில இருந்து போனவன்தான் பாய். இன்னும் வீட்டுக்கு வரல."

மொஹ்சின் நோட்டைத் திறந்து, பதினோராவது பேராக பிரசாத் என்று எழுதினான்.

அவனை ஓசூரில் பார்த்ததாக ஒருத்தர் சொன்னார், பெங்களூரில் என்று இன்னொருத்தர். இரண்டு ஊரிலும் கம்பெனி வாசல்களில் போட்டோவை வைத்துக்கொண்டு நின்று பார்த்துவிட்டாள். பழைய நம்பருக்கு இன்றும் தினம் போன் போடுகிறாள். அவனுடைய கூட்டாளி ஒருவன்தான் சொன்னான்: "அந்தக் கேம்ல புதுசு எப்ப வந்தாலும் முதல் நாளே மொஹ்சின் பாய் கடையில வாங்கிடணும்னு சொல்லிட்டே இருப்பான்மா."

அவளுக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு நாள்தான்.

கேம் வந்த அன்று பௌர்ணமி. வேங்கிக்கால் கேன்டீனில் விடியற்காலை நாலு மணிக்கே இட்லி ஊற்றப் போனவள், அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பத்து மணிக்குக் கடைக்கு வந்துவிட்டாள். கண்ணாடிக் கதவைப் பார்த்தபடி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். மொஹ்சினின் முதுகுக்குப் பின்னால், பேர் எழுதிய சீட்டு ஒட்டிப் பதினோரு டப்பாக்கள் அடுக்கியிருந்தன.

கதவு திறக்கும்போதெல்லாம் பாதி எழுந்தாள். யாரோ ஒரு பையன் வருவான், பேரைச் சொல்லி டப்பாவை வாங்கிக்கொண்டு போவான். அவள் மறுபடி உட்காருவாள். வெளியே கிரிவலத்துக்கு வந்த கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு போனது. அத்தனை முகத்தையும் பார்த்துப் பார்த்து அவள் கண் எரிந்தது.

மத்தியானம் மொஹ்சின் வாங்கிக் கொடுத்த சாதத்தில் இரண்டு வாய் சாப்பிட்டாள். பிறகு சுவரில் தலை சாய்ந்தது தெரியவில்லை.

திடுக்கிட்டு விழித்தபோது வாயோரம் ஈரமாக இருந்தது. "ஐயோ, ரொம்ப நேரம் தூங்கிட்டனா? யாராவது வந்தாங்களா?"

"பத்து நிமிஷம்தான்க்கா" என்றான் மொஹ்சின். அவள் பக்கம் திரும்பாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

விளக்கு வைக்கும் நேரத்தில் கடைசிப் பையனும் வந்து வாங்கிக்கொண்டு போனான். உண்ணாமலை முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"நான் கிளம்பறேன் பாய். அவன் டப்பா இங்கயே இருக்கட்டும். இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு வருவான்."

சொல்லிக்கொண்டே அலமாரியைப் பார்த்தாள். ஒரு டப்பாகூட இல்லை.

"பிரசாத் டப்பா எங்க?"

மொஹ்சின் மறுபடி கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான்.

"உங்களத்தான் பாய் கேக்கறேன்! ஜாஸ்தி விலைக்கு எவனுக்காவது தள்ளி விட்டுட்டீங்களா? ஒரு நாள் வச்சிருக்க மனசு வரலையா உங்களுக்கு?" இரண்டு வருஷத்துக்கு முன்னால் போலவே அவள் குரல் தெரு வரை கேட்டது. மேசை மேல் ஓங்கி அடித்தாள். "அது என் பையனுக்கு வச்சது! அவன் வந்து கேட்டா நான் என்னன்னு சொல்வேன்?"

மொஹ்சின் துணியைக் கீழே வைத்தான்.

"வேற யாருக்கும் தரலக்கா. நீங்க கண்ணசந்த நேரத்துல அவனே வந்து வாங்கிட்டான். அம்மாவ எழுப்பிடாதீங்கன்னு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டான்."