பதினோராவது கல்லூரி

“பத்து காலேஜுக்கு அப்ளிகேஷன் போட்டாச்சும்மா, போதும்” என்றாள் நிரஞ்சனா. அம்மா சுகந்திக்கு மனசு ஒப்பவில்லை. “மொய் எழுதினாக்கூட ஒண்ணு சேர்த்துத்தானடி எழுதுவோம்? பத்துன்னு முழுசா நிறுத்தாத” என்று நச்சரித்து இன்னொன்றுக்கும் போட வைத்தாள்.

பத்து நிராகரிப்பு வரை அரசாங்கம் பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் ஒன்று வந்தாலும், படிக்க லாயக்கில்லை என்று முடிவுகட்டி, பிள்ளைகளின் கண்ணில் தான் பொருத்திய லென்ஸ் வழியாக எழுத்துகளை மறைத்துவிடும். ஒன்றுகூடவா கிடைக்காது என்று சுகந்தி நினைத்தாள். பதினொன்றும் கைவிரித்துவிட்டன.

மறுநாள் பேருந்து நிலையத்தில், எதிரே நின்ற பேருந்தின் நெற்றியில் கொட்டை எழுத்தில் ‘கோவில்பட்டி’ என்று இருந்தது. நிரஞ்சனா அதையே வெறித்துப் பார்த்தாள். பிறகு அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, இது எந்த ஊருக்குப் போகுதும்மா?”