சத்தம் போடாத சக்கரம்

பட்டறையின் தகரக் கூரை ஓட்டை வழியே இறங்கும் மதிய வெயில், ஆஸ்பத்திரித் தள்ளுவண்டியில் தூங்கும் குழந்தையின் பாதத்தில் விழுகிறது. வண்டிக்கு அடியில் இருப்பவை நான் உருவாக்கிய ரப்பர் சக்கரங்கள். "பொம்பளப் புள்ள செஞ்ச சக்கரம் சத்தமே போடாதாமா?" என்று வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்த ஆஸ்பத்திரி மேனேஜர் கையைக் கட்டி நிற்கிறார். அவர் வேண்டாமென்றால் பட்டறைக்குப் பூட்டுதான். நான் படித்த படிப்புக்கு இந்த ஆளிடம் பல்லைக் கடிக்கத்தான் முடிகிறது. வாய் திறந்தது வெல்டர் அக்காதான். "என் புள்ளைய வெச்சே தள்ளிக் காட்டுறேன் சார். மிஷின் சத்தம், கத்தல் எல்லாம் பழகிப்போச்சு, ஆனா படுத்த வண்டி லேசா கடகடத்தாக்கூட முழிச்சுக்கும். முழிச்சா உங்க தலையிலதான் கட்டிட்டுப் போவேன்." லேத் அண்ணன் மிஷினை அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். அக்கா தள்ளுகிறாள். தரையின் விரிசல்களிலும் இரும்புத் தகட்டிலும் ஏறி இறங்கிப் போகிறது வண்டி. கூரையில் நடக்கும் காக்கையின் கால் சத்தம்தான் கேட்கிறது. குழந்தை உதட்டைச் சப்புகிறது, அவ்வளவுதான். மேனேஜர் குனிந்து சக்கரத்தைப் பார்க்கிறார், பிறகு குழந்தையை. "எல்லா வண்டிக்கும் வேணும், எப்பத் தருவீங்க?" என்கிறார். அந்தத் தொண்டையிலிருந்து குசுகுசுவென்று வருகிறது கேள்வி. கண் கலங்க, அக்காவுக்கு நன்றி சொல்ல வாயெடுக்கிறேன். "உஷ்" என்று உதட்டில் விரல் வைக்கிறாள் அவள்.