மீசை இழந்த மாமனாருக்கு ஓர் அறை

வரப்புக்குள் இருந்த எலிவளையில், மருமகள் எலி தன் மாமனாருக்குத் தனி அறையும் அதற்கொரு வழியும் தோண்டிக்கொண்டிருந்தாள். பொறியில் சிக்கி மீசையைப் பறிகொடுத்ததிலிருந்து, இருட்டைத் தடவிப் பார்க்க முடியாமல் அவர் முட்டிமோதித் திரிந்தார். மகன் கூட்டிப்போனால்தான் உண்டு.

“இவ்வளவு குறுகலா வழி விட்டா சொந்தக்காரங்க சிரிப்பாங்க. அகலமா தோண்டு,” என்றான் கணவன்.

“சிரிக்கட்டுங்க. மாமாவோட ரெண்டு விலாவும் மண்ணைத் தொடணும்.”

அவர் உடம்பளவுக்கு மேல் ஒரு மண்கட்டியைக்கூட அவள் பெயர்க்கவில்லை.

குடிபோகும் நாளில், அப்பாவைக் கூட்டிப்போக மகன் ஓடிவந்து வழியில் நின்றான். அவரோ அந்தக் குறுகிய வழிக்குள் தானாகவே விறுவிறுவென்று வந்துகொண்டிருந்தார்.

“குறுக்கே நிக்காதடா,” என்றார். “சுவரே என்னைக் கூட்டிட்டுப் போகுது.”